ஏழாம் குளறல்

படம் முழுக்க ஐந்து பெட்டிகள்தான்.
ஐந்து பெட்டிக்குள் ஐந்து முகம்.
அதில் ஒரு முகம் சாக வேண்டும்.
அது நான்.

நெறியாள்கை துவாரகன், வின்னிபெக்கில்.
பகலில் ரயர் மாற்றுகிறவன்.
மொத்தச் செலவு, எனக்கு அவன் அனுப்பிய
வளைய லைட்டின் தபால்காசு, பதினெட்டு டொலர்.
கதை சின்னது:
சிநேகிதர்கள் வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருக்க
ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால்
உடுப்பு அலுமாரி தானாய்த் திறக்கும்.
மற்ற நால்வரும் காண்பார்கள்.
அவள் மட்டும் காணமாட்டாள்.

கதவில் தையல்நூல் கட்டிக்
கால் பெருவிரலால் இழுத்தது நானேதான்.
பேய்க்கும் சம்பளம் இல்லை.

இடம் ஸ்காபரோ. பேஸ்மென்ட்.
சன்னல் என்று சொல்லக்கூடியது
பனி மூடிய ஒரு முழக் கண்ணாடி.
தலைக்கு மேலே வீட்டுக்காரர், பரராஜசிங்கம் அங்கிளும் அன்ரியும்.
இரண்டு வருடம். உள்ளே போய்ப் பார்த்ததில்லை,
சத்தமாய்த்தான் தெரியும் அவர்களை.
காலை ஐந்தரைக்கு அன்ரியின் செருப்பு,
அறையிலிருந்து குசினிக்குப் பதினொரு அடி.
இரவில் அங்கிளின் இருமல்,
பிறகு என் சுவருக்குள்ளால் இறங்கும் தண்ணீர்.
அவர்களுக்கும் நான் அப்படித்தான்.
பத்து மணிக்குப் பிறகு மிக்ஸி ஓடினால்
போனில் எழுத்து வரும்:
"பிள்ளை, சத்தம் கொஞ்சம்."

ஜனவரி. இரவு பதினொன்று இருபது.
"இப்ப குளறு" என்றான் துவாரகன்.
குளறினேன்.
"பாட்டுப் பழகுற மாதிரிக் கிடக்கு."
இரண்டாவது: "பல்லி விழுந்த மாதிரி."
மூன்றாவதில் சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அந்த நேரம் பார்த்து அவள் பெட்டி உறைந்து
வாய் பிளந்தபடி நின்றது.
அது தனியே ஒரு பேய்ப்படம்.
"உண்மையா நடந்தா ஆரைக் கூப்பிடுவாய்?
அவையைக் கூப்பிடு."
யோசித்தேன். மேலே பார்த்தேன்.
நாலாவது, "அங்கிள்!"
ஐந்தாவது, "அன்ரி!"
ஆறாவது, "ஓடி வாங்கோ!"
ஏழாவதில் சொல் ஒன்றும் இல்லை.
தொண்டை தன்பாட்டில் திறந்தது.
எனக்குள் அது எங்கே இருந்ததென்று
இன்னும் தெரியாது.

நால்வரும் அசையவில்லை.
நெட் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.
கனநேரம் கழித்து மெல்ல,
"கட்."

கோலை வைத்துவிட்டுப் படியைப் பார்த்தபடி இருந்தேன்.
மன்னிப்பெல்லாம் ஆயத்தம்:
படம் அங்கிள், சும்மா நடிப்பு,
குறை நினைக்காதேங்கோ.
தேத்தண்ணிக்குக் கேத்தில்கூடப் போட்டேன், மூன்று பேருக்கு.
கொதித்தது. அணைந்தது. ஆறியது.
சத்தம் கொஞ்சம் என்றுகூட
ஒருவரும் எழுதவில்லை.

ஐந்தரைக்குப் பதினொரு அடி.
எட்டு மணிக்கு வாசலில் அன்ரி உப்புத் தூவிக்கொண்டு நின்றா.
"சறுக்கும், பார்த்துப் போ."
அவவின் கண் என் கழுத்தில்
ஒரு கணம் நின்று விலகியது.
"நீலப் பெட்டி நாளைக்கு. வெளியில வைக்க மறந்திடாதை."

அந்தச் சனிக்கிழமை
நடுக்கதவில் ட்ரில் ஓடியது.
அவர்கள் பக்கத்தில்
ஒரு புதுக் கொண்டி.

மாசி நடுவில் துவாரகன் படத்தை வெட்டி ஒட்டி
ஐந்து பெட்டிக்கும் போட்டுக் காட்டினான்.
நூல் தெரியவில்லை. அலுமாரி நல்லாய்த் திறந்தது.
ஏழாம் குளறல் வந்தது, முடிந்தது.
அதற்குப் பின்னான மௌனத்தில்
என் மைக் பிடித்து வைத்திருக்கிறது:
மேலே, பதினொரு அடியில் ஆறு.
சரியாய் என் தலைக்கு மேலே
நின்று,
நின்று,
திரும்பிப் போகிற ஆறு.

துவாரகன் அதை மட்டும்
மூன்று தரம் ஓட்டினான்.
"எடியே, அந்தக் காலடிச் சத்தம்!
அதுதான் படமே.
எப்பிடிச் செய்தனி?"